கோட்டுக்குள் இருட்டு

டார்ட்டுவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே பகல் கடையைக் கட்டிவிடும்.
இருட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.
இருந்தும் எடுத்தான் ரைடோ,
சட்டையில் பெயர் குத்திய விற்பனைப் பையன்:
"இது கறுப்பு, மேடம். அது கறுப்பு மாதிரி."

அது ஐந்நூற்று நாற்பத்தொன்பது யூரோ.
இது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இரண்டிலும் ஒரே மீன் நீந்தியது,
எந்தக் கடலிலும் இல்லாத நீலத்தில்.

நான் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவள்.
வெள்ளையில் மட்டும் நாற்பத்தோரு டப்பா:
முட்டை ஓடு, பழைய பல், மிதிபடாத பனி.
போன வருடம் ஒரு புதுமணத் தம்பதியின் சுவரை
மஞ்சளாக்கி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது
புரை என் கண்ணில் என்று.
வலது கண்ணைச் செய்தாகிவிட்டது.
இடதுக்கு வரிசை, இன்னும் பதினான்கு மாதம்.
அதுவரை எனக்குப் பால் இரண்டு நிறம்.

வலதை மூடிக்கொண்டு விலை கூடியதைப் பார்த்தேன்.
இடதை மூடிக்கொண்டு விலை குறைந்ததைப் பார்த்தேன்.
இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.
"அப்படியானால் விர்வே," என்றார் ஆர்னே,
"ஆயிரத்து முந்நூற்றைம்பது கேட்பது
பெட்டி இல்லை, உன் கண்."

மீன் வேண்டாம் என்றேன்.
பையைத் துழாவி பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.
சனிக்கிழமை தவறாமல் படம் பார்க்கிறவர்கள் நாங்கள்.
பழைய பெட்டி உயிரைவிட்ட இரவு
பாதியில் நின்றுபோன படம்:
வைக்கோல் கொட்டகை, நடுநிசி,
ஒருவன் தீக்குச்சி கிழிக்கிறான்.

கடை விளக்குகளோ தலைக்கு மேல் பட்டப்பகல்.
இரண்டு திரையிலும் தெரிந்தது என் கம்பளிக் குல்லாய்தான்.
அணைக்க முடியுமா?
"மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே சுவிட்ச், மேடம்."
சரி என்று குளிர்கோட்டைக் கழற்றினேன்.
திரையின் மேல்விளிம்பில் காலரை மாட்டி
உள்ளே தலையை விட்டேன்.
"நீயும் வா."
வந்தான். பாவம், வேறு என்ன செய்வான்.

ஈரக் கம்பளி வாசனை. அவன் வாயில் புதினா மிட்டாய்.
விலை கூடியதில் குச்சி எரிந்தது.
அந்த வெளிச்சம் எட்டாத இடத்தில், வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால்
கறுப்பைவிடக் கொஞ்சம் அதிகக் கறுப்பாக
ஒரு தோள்.
"யாரோ நிற்கிறான்," கிசுகிசுத்தான் ரைடோ.
"ஆறு மாதமாக இதை விற்கிறேன்,
இப்போதுதான் பார்க்கிறேன்."

அடுத்ததற்குக் கோட்டை மாற்றினோம்.
குச்சி எரிந்தது.
பின்னால் சாம்பல் கரைத்த கஞ்சி.
தோளும் இல்லை, சக்கரமும் இல்லை.
வெளியே ஆர்னே
சலவை இயந்திரம் பார்க்க வந்த அம்மாவிடம்
"என் மனைவிதான், ஒன்றுமில்லை" என்று
சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆற்றுப் பாலத்தில் நின்று கணக்குப் போட்டோம்.
தனியார் மருத்துவமனையில் ஜனவரியிலேயே செய்துவிடுவார்களாம்,
ஆயிரத்து நானூறு.
ஐம்பது உதைக்கிறது.
சிகரெட்டைக் குறைக்கிறேன் என்றார் ஆர்னே,
முப்பது வருடமாகச் சொல்வதுதான்.
திரும்பிப் போய்க் கஞ்சியை வாங்கினோம்.
ரைடோவின் முகத்தில் ஒரு சின்ன துக்கம்,
தெரிந்தவரை இருட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுபோல.

சனிக்கிழமை.
திரைச்சீலையை இழுத்து, தெருவிளக்கு கசிந்த சந்தில்
ஒரு தலையணையைச் செருகினேன்.
கறுப்பு ரொட்டிமேல் புகைபோட்ட மீன்.
கொட்டகை. குச்சி.
"ஐயோ, தன்னந்தனியாக இருக்கிறான்," என்றார் ஆர்னே
வாய் நிறைய ரொட்டியோடு.

கஞ்சிக்குள் யார் என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இருட்டிலிருந்து ஒரு குரல்: "அதை அணை."
ஆர்னே சோபாவிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.
மீன் மடியில், மடியிலிருந்து சோபாவில்.

எண்ணெய்க் கறை போகவே இல்லை.
இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்,
அது மட்டும் ஒரே நிறம்.